வளையல் குலுக்கியவள்

திருவொற்றியூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் அவளைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் அப்போது எட்டாம் மாதம். மீன் கூடை தூக்கித் தூக்கி முறுக்கேறிய கைகள் அவளுக்கு. வளைகாப்புக்குப் போட்ட கண்ணாடி வளையல்கள் முழங்கை வரைக்கும். அந்தக் கையை வயிற்றருகே வைத்துக் குலுக்கிக்கொண்டே இருந்தாள்.

"சத்தம் கேட்டா உதைக்கும்க்கா. நேத்துலேர்ந்து கம்முனு கீது. வயிறு கல்லு மாரி ஆயிட்ச்சி."

அந்தச் சத்தத்துக்கு என் பிள்ளை உதைத்தது. முந்தானையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டேன்.

அவளுக்கு அடுத்தது நான் என்பதால் உள்ளே திரையோரம் நின்றிருந்தேன். டாக்டர் கருவியை வயிற்றின் மேல் நகர்த்தி நகர்த்தித் தேடினார்.

"இதயம் துடிக்கலம்மா. நஞ்சுக்கொடி பிரிஞ்சு உள்ளயே ரத்தம் கட்டியிருக்கு. வயித்துல அடி ஏதாவது பட்டுச்சா?"

பக்கத்தில் நின்ற புருஷன் முந்திக்கொண்டான். "பாத்ரூம்ல வழுக்கி வுயுந்துட்டா டாக்டர்."

அவள் கட்டிலைவிட்டு இறங்கினாள். வளையல் கையாலேயே அவன் முகத்தில் ஓங்கிக் குத்தினாள். மறுபடியும் குத்தினாள். உடைந்த கண்ணாடி அவன் கன்னத்தில் ஏறியது. பின்னாலிருந்த ஸ்டூலில் மோதிச் சரிந்தவன் வயிற்றில் காலைத் தூக்கி மிதித்தாள். எந்த இடத்தில் மிதிப்பது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"ரிப்போர்ட்ல எய்திக்க டாக்டரம்மா," என்றாள் மூச்சு வாங்க. "இந்தாளும் வழுக்கி வுயுந்துட்டான்."

கையெல்லாம் ரத்தம். ஒரு வளையல்கூட மிச்சமில்லை.

என் மகள் இப்போது வளையலைக் குலுக்கி விளையாடினால், "நிறுத்துடி" என்று கத்திவிடுகிறேன். அவள் நிறுத்திவிட்டால், அந்த அமைதியையும் என்னால் தாங்க முடிவதில்லை.