எங்கள் வீட்டில் நாலு பேர்

ஒன்பது பேருடைய செருப்புகளும் எங்கள் வாஷிங் மெஷினுக்குள் கிடந்த அந்தக் காலைநேரம் எனக்கு இன்றைக்கும் அப்படியே நினைவிருக்கிறது. அடியில் அத்தானின் வேலைச் சப்பாத்து. அதற்கு மேல் அவருடைய அம்மாவின் தோல் செருப்பு, அக்காவுடையது, பிள்ளைகள் இருவருடையது, அத்தானின் தம்பியுடையது, தம்பி மனைவியுடையது, இன்னும் நடக்கத் தொடங்காத அவர்களுடைய குழந்தைக்கு யாரோ கொடுத்த கம்பளிச் சப்பாத்து. எல்லாவற்றுக்கும் மேலே, வார் அறுந்து ஊசி குத்தியிருந்த என் நீல ரப்பர் செருப்பு. அத்தான் மூடியைச் சாத்தி, அதன் மேல் ஒரு துவாயை மடித்து வைத்தார். பிறகு வாசலுக்குப் போய், ஏதும் மிச்சம் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டு வந்தார். கவுன்சிலில் இருந்து, அதாவது ஊர் நகரசபையில் இருந்து, ஆள் வருகிற நாள் அது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மெல்பேர்ணின் தென்கிழக்கே மூன்று அறை வாடகை வீடு. வீட்டு ஒப்பந்தத்தில் இருந்தது நாலு பேருடைய பெயர்தான்: அத்தான், அக்கா, இரண்டு பிள்ளைகள். மற்ற ஐந்து பேரும் பிறகு ஒவ்வொருவராக வந்து சேர்ந்தவர்கள். அத்தானின் தம்பிக்கு அகதி விண்ணப்பம் முடிவாகாமல் இழுபட்டுக்கொண்டிருந்தது. நான் வரவேற்பறையில் பாய் விரித்துப் படுத்தேன். அக்கா கராஜுக்குள் இரண்டு அடுப்பு வைத்து இடியப்பம் அவித்து, சுற்றுவட்டாரத் தமிழ் வீடுகளுக்கு விற்றாள். அதற்கும் அனுமதி இல்லை. ஆகவே கவுன்சில் என்ற சொல் எங்கள் வீட்டில் விழுந்தாலே எல்லோரும் வாசலைத்தான் பார்ப்போம்.

ஆனால் கவுன்சில் அனுப்பிய கடிதம் நல்ல செய்தியோடுதான் வந்திருந்தது. ஸ்ரேஷனுக்குப் பின்னாலிருந்த கார் தரிப்பிடத்தில் ஒரு கட்டடம் எழுப்பப் போகிறார்களாம். மேலே குறைந்த வாடகையில் வீடுகள். கீழே சின்னச் சின்னக் கடைகள், இரண்டு கடைகளுக்குச் சமையலறையும் உண்டு. அங்கேயே குடியிருப்பவர்கள் தொழில் தொடங்க உதவியாக இருக்குமாம். எத்தனை அறை வேண்டும், என்ன தொழில் வேண்டும் என்று அறிய முதலில் வீடு வீடாக வந்து கேட்பார்களாம். நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். "சட்டப்படி ஒரு குசினி" என்று அக்கா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவள் முகத்தில் அப்படியொரு ஆசையை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அத்தான் கடிதத்தை வாங்கி, வாசிக்கத் தெரியாதவர் மாதிரிப் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார். "முதல்ல எண்ணுவாங்கள். எண்ணினாப் பிறகு என்ன செய்வாங்கள் எண்டு இதில போட்டிருக்கோ?" என்றார். அவரைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்ல எனக்கு மனம் வராது. எண்பத்துமூன்று கலவரத்தில் கொழும்பில் அவர் இருந்த ஒழுங்கைக்குள் வந்தவர்கள் கையில் தமிழ் வீடுகளைக் குறித்த தாள் வைத்திருந்தார்கள். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் எந்த வீட்டுக் கதவை உடைப்பது என்று முடிவு செய்தார்கள். பக்கத்து வீட்டுக்காரரின் கூரைக்குக் கீழே ஒளிந்திருந்து அத்தான் அதைப் பார்த்திருக்கிறார். அதற்குப் பிறகு கொழும்பில் இருந்த காலமெல்லாம், வீட்டில் எத்தனை பேர் என்ற கேள்வியோடு பொலிஸ்காரர்தான் கதவைத் தட்டினார். அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் சொல்லி நன்மை கண்ட ஒரு தமிழனையாவது காட்டு என்று அவர் என்னிடம் கேட்டால், நான் யாரைக் காட்டுவேன்?

அன்று பின்னேரமே அத்தான் ரெலிபோனை எடுத்தார். எங்கள் தெருவில் மட்டும் ஆறு தமிழ் வீடுகள். எல்லோருக்கும் ஒரே பாட்டுத்தான். "கவுன்சில்காரர் வாறாங்கள். நாலு பேர் எண்டு சொல்லுங்கோ. வேற ஒண்டும் சொல்லாதேங்கோ. வாசல்ல ஒரு செருப்பும் கிடக்கவிடாதேங்கோ." இந்த ஊரில் நாலு பேர்க் குடும்பத்தை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள் என்பது அவருடைய கணக்கு.

வந்தவள் நடுவயதைத் தாண்டிய, நெட்டையான ஒரு வெள்ளைக்காரி. யாரும் சொல்லாமலே வாசலில் குனிந்து தன் சப்பாத்தைக் கழற்றினாள். துடைத்து வைத்த அந்த வெறும் வாசலில் அவளுடைய மண்ணிறச் சப்பாத்து மட்டும் தனியாக நின்றது. தம்பி குடும்பத்தையும் அத்தானின் அம்மாவையும், நல்ல நாளுக்கென்று வைத்திருந்த சப்பாத்துகளைப் போடவைத்து, பஸ் ஏற்றிக் கடைத்தெருவுக்கு அனுப்பியாயிற்று. ஆங்கிலம் பேச வேண்டும் என்பதால் நான் மட்டும் நின்றேன், அங்கே வசிக்காத உறவுக்காரியாக. கிளென் வேவர்லியில் இருப்பதாகச் சொன்னேன். பொய்தானே, கொஞ்சம் வசதியான இடமாக இருக்கட்டும் என்று நானே தேர்ந்தெடுத்தது.

"வீட்டில் எத்தனை பேர்?" என்று கேட்டாள். நாலு என்றேன். வீட்டிலிருந்து ஏதாவது தொழில் செய்கிறார்களா? இல்லை என்றேன். கராஜ் பக்கமிருந்து அவித்த மாவின் வாசம் கூடம் முழுக்க நிறைந்திருந்தது. அக்கா தேத்தண்ணிக் கோப்பையை அவளுக்கு முன்னால் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். மாற்றிச் சொல்லேன் என்று கெஞ்சுகிற பார்வை. நான் அத்தானைப் பார்த்தேன். அவர் கதிரையின் நுனியில் இருந்துகொண்டு, அவளுடைய பேனை ஓடுகிற பக்கமெல்லாம் கண்ணை ஓட்டிக்கொண்டிருந்தார். எழுதுவதை வேறு யாருக்கும் கொடுக்கமாட்டோம் என்று அவள் சொன்னதை நான் மொழிபெயர்த்தேன். "எங்கட ஊரிலயும் உப்பிடித்தான் சொன்னவங்கள்" என்றார். அதை நான் அவளுக்கு மொழிபெயர்க்கவில்லை.

போகிற நேரத்தில் அவள் என்னிடம், கிளென் வேவர்லியிலிருந்து எப்படி வந்தாய் என்று சாதாரணமாகக் கேட்டாள். பஸ்ஸில் என்றேன். என் வெறுங்காலைப் பார்த்தாள். தன் சப்பாத்து மட்டும் நிற்கிற வாசலைப் பார்த்தாள். நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

இரண்டு வருடத்துக்குள் கட்டடம் எழும்பியது. எல்லாம் ஒற்றை அறையும் இரட்டை அறையுமான வீடுகள். பெரிய குடும்பத்துக்கு ஏற்றதாக ஒன்றுகூட இல்லை. வீடு வேண்டுமென்றால் வேறு வழியில்லை என்று, ஒன்பது பேர் என்ற உண்மையைச் சொல்லி நாங்கள் விண்ணப்பித்தபோது, பொருத்தமான வீடு இல்லை என்று பதில் வந்தது. சமையலறைக் கடைகள் என்றார்களே, அப்படிக் கேட்பவர்கள் இந்தப் பகுதியில் இல்லை என்று கைவிட்டுவிட்டார்களாம். அந்த இடத்தில் கைத்தொலைபேசி விற்றார்கள். அத்தானுக்கு ஒருவிதத்தில் திருப்திதான். "பாத்தியே பிள்ளை, நான் அப்பவே சொன்னனான். எங்களுக்குத் தரமாட்டாங்கள்" என்றார். அடுத்த வருடம் வீட்டுக்காரர் வீட்டை விற்றார். தம்பி குடும்பம் சிட்னிக்குப் போனது. அத்தானின் அம்மாவும் அவர்களோடு போய், மூத்த மகனை மறுபடி பார்க்காமலே அங்கே கண்ணை மூடினார். நான் ஒரு வாடகை அறைக்குப் போனேன். சாமான் கட்டிய அன்று என் நீலச் செருப்பைத் தேடித் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அக்கா இடியப்ப உரல்களைக் கடதாசியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தாள். அதற்குப் பிறகு விற்பதற்கென்று அவள் அவித்ததில்லை.

பத்து வருடத்துக்கு மேல் கழித்து அதே கவுன்சிலில், பழைய கோப்புகளை அடுக்கும் தற்காலிக வேலை எனக்குக் கிடைத்தது. ஒருநாள் எங்கள் தெருவின் பெயர் எழுதிய உறை ஒன்று அகப்பட்டது. திறக்கக் கூடாது என்று தெரியும். திறந்தேன். ஆறு படிவம், ஆறிலும் நாலு. கடைசித் தாளின் ஓரத்தில் பென்சிலால் அந்தப் பெண் எழுதியிருந்தாள்: 'ஆறு வீட்டிலும் ஒரே பதில். ஒரு வீட்டு வாசலிலும் ஒரு செருப்புக்கூட இல்லை. பயப்படுகிறார்கள். படிவம் இல்லாமல் யாராவது மறுபடி போக வேண்டும்.' அதன் கீழே வேறொரு கையெழுத்தில், 'பார்த்தேன்' என்று மட்டும் இருந்தது.

நானும் அத்தான் வீட்டில் வளர்ந்தவள்தானே, அந்தப் 'பார்த்தேன்' என்ற சொல்லை என்னால் நம்ப முடியவில்லை. நாங்கள் பொய் சொன்னோம், என் வாயால்தான் சொன்னோம். அது பொய் என்று தெரிந்த ஒருவர் அங்கே இருந்திருக்கிறார். சின்ன வீடு கட்டினால் எண்ணிக்கை கூடும், திறப்பு விழாவில் சொல்லிக்கொள்ள நன்றாக இருக்கும் என்று அவர் நினைத்தாரா, அல்லது சோம்பலா? இரண்டில் எது என்று எனக்குத் தெரியாது. அக்காவின் குசினியைக் கெடுத்தது அவரா நானா என்று நான் இன்றைக்கும் யோசிப்பதுண்டு.

அந்த ஞாயிற்றுக்கிழமை ரோவிலுக்குப் போனேன். அக்காவும் அத்தானும் அங்கே வாங்கிய வீட்டில் நாலு அறை, ஆள் இரண்டு. பிள்ளைகள் வேலையோடு தூரப் போய்விட்டார்கள். அக்கா குசினிக்குள் நின்ற நேரமாகப் பார்த்து அத்தானிடம் விஷயத்தைச் சொன்னேன். அழுவார் என்று நினைத்தேன், குறைந்தது அதிர்ந்தாவது போவார் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு, "ஏன் பிள்ளை, இவ்வளவு காலத்துக்குப் பிறகு உந்தத் தாளை உன்ர கண்ணில படவிட்டவங்கள்?" என்று கேட்டார்.

கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. போட்டு வாறன் என்று எழும்பினேன். வாசலில் என் சப்பாத்தைத் தேடினால், கதவோரம் நீளத்துக்குச் செருப்பு வரிசை. வரும்போது அவசரத்தில் நான் கவனித்திருக்கவில்லை. யாரும் வந்திருக்கிறார்களா என்று கேட்டேன். "ஒருத்தரும் இல்லை. கள்ளர் வந்தாலும் உள்ள கன ஆக்கள் எண்டு நினைக்கட்டும்" என்றார் அத்தான், பின்னால் நின்றபடி.

என் சப்பாத்தை விட்டுவிட்டு எண்ணினேன். ஒன்பது சோடி. தேய்ந்த தோல் செருப்பு ஒன்று, வெளுத்துப்போன கம்பளிச் சப்பாத்து ஒன்று. கடைசியில், வாரில் துருப்பிடித்த ஊசியோடு, என் நீல ரப்பர் செருப்பு.