பால் குடித்த ஓபல்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டில் ஒரு கல் செத்துப்போனது. ஒப்பாரி வைக்காத குறைதான்!

செத்தது ஓபல் கல். உடையவன் என் கொழுந்தன் சேகர். கள்ளக்குறிச்சியில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். வயது முப்பத்தாறு. ஊர் போனையெல்லாம் சரி செய்கிறவனுக்குக் கல்யாணத்துக்கு மட்டும் டவர் கிடைக்கவில்லை. திருக்கோவிலூர் ஜோசியர் கட்டத்தைப் பார்த்துவிட்டு, "சுக்கிரன் வீக்கா கீறாருங்க. வைரம் போடுங்க... முடியலன்னா ஓபல்" என்றார். எங்களுக்கு முடியவில்லை. ஓபல் மோதிரம் வந்தது.

பொய் சொல்லக் கூடாது, அழகான கல். வெள்ளைக்குள் பச்சையும் ஆரஞ்சும் நீலமும் ஓடும். சேகர் டப்பாவோடு கடைக்கு எடுத்துப் போய்த் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ராசிக்கல்லை விரலில் போடுவதற்கு முன் பாலில் போட்டு எடுப்பது வழக்கம். என் மாமியார் எதையும் அரைகுறையாகச் செய்பவர் அல்ல. சனிக்கிழமை மத்தியானமே டம்ளர் நிறையப் பாலில் மோதிரத்தைப் போட்டு, சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டார்.

மறுநாள் வெள்ளிமலைக்குப் பெண் பார்க்கப் போக வேண்டும். காலையில் மோதிரத்தைக் கழுவி எடுத்தால்... ஒரு வண்ணமும் இல்லை. வெந்த ஜவ்வரிசி மாதிரி ஏதோ ஒன்று உட்கார்ந்திருந்தது.

"இன்னாடா இது... கல்லு செத்துப்போச்சே!" அத்தை தரையில் உட்கார்ந்துவிட்டார். "சகுனமே சரியில்ல. இந்தப் பொண்ணு வேணாம். வரலன்னு போன் போட்டுச் சொல்லிடு."

சேகரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எத்தனையோ ஜாதகம் தட்டிப் போனபோதெல்லாம் சிரித்துக்கொண்டே இருந்தவன்தான். ஆனால் இந்த ஜெயந்தியோடு போனில் பேச ஆரம்பித்ததிலிருந்து ஆளே மாறியிருந்தான். அங்கே மலையில் விருந்துக்கு அடுப்பு மூட்டியிருப்பார்கள். இன்றைக்குப் போகாவிட்டால் அந்த வீட்டில் மறுபடி யார் கதவைத் திறப்பார்கள்?

நான் இன்டர்நெட்டில் தேடினேன். மணலில் இருக்கும் அதே சிலிக்காதான் ஓபல். கண்ணுக்குத் தெரியாத உருண்டைகளாக அடுக்கியிருக்கும். நடுவில் கொஞ்சம் தண்ணீர். வெளிச்சம் உள்ளே புகுந்து வண்ணங்களாகப் பிரிகிறது. சில ஓபல்களுக்குத் தாகம் ஜாஸ்தி. ஈரத்தை உறிஞ்சி நிறம் போய்விடும், காய்ந்தால் திரும்பும்.

"அத்தை, கல்லு சாகல. முட்ட முட்டப் பால் குடிச்சிருக்கு."

"கல்லு எங்கனா பால் குடிக்குமா?"

கேட்டது யார்? பிள்ளையார் சிலை பால் குடிக்கிறது என்றபோது டம்ளரோடு க்யூவில் நின்றவர்!

"அண்ணி, கடையில ப்ளோயர் இருக்குது. சூடு காட்டிடவா?" என்றான் சேகர். வேண்டவே வேண்டாம்... சூட்டில் ஓபல் விரிசல் விட்டுவிடும்.

தேடியதில் கதைகளும் கிடைத்தன. மின்னலோடு வானத்திலிருந்து விழுந்த கல் என்பார்களாம் அரபு நாட்டில். ஐரோப்பாவில் ஒரு காலத்தில் அதிர்ஷ்டம், இன்னொரு காலத்தில் தரித்திரம். பிரிஞ்சி இலை மாதிரி ஓர் இலையில் சுற்றிக் கையில் வைத்துக்கொண்டால் ஆளே யார் கண்ணுக்கும் தெரிய மாட்டானாம்! பெண் பார்க்கப் போகிறவனுக்கு இது என்னத்துக்கு?

கடைசியில் சேகர் மோதிரத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். "நீ வரலன்னா இரும்மா. நான் போறேன்."

அத்தையும் எங்களோடு காரில் ஏறினார். கச்சிராயபாளையம் தாண்டியும் சகுனத்தையே முணுமுணுத்துக்கொண்டு வந்தார்.

வெள்ளிமலையில் ஜெயந்தி காபி கொண்டுவந்தாள். சேகரின் விரலைப் பார்த்தாள். "மோதிரம் போட்டுக்கினு வர்றேன்னீங்களே... எங்க?"

இவன் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். சுக்கிரன், பால், சகுனம் — ஒன்று விடவில்லை. அத்தை கண்ணை மூடிக்கொண்டார்.

ஜெயந்தி மோதிரத்தை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தாள். "ஒரு டம்ளர் பாலுக்கேவா இப்படி? எங்க மலையில மழை புடிச்சா வுடாதுங்க. அப்பல்லாம் கல்ல வூட்லயே வெச்சிட்டு, நீங்க மட்டும் வாங்க."

வீடே சிரித்தது. அத்தையும்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நேற்று கல்லில் வண்ணம் திரும்பிவிட்டது. "பாத்தியா, கல்லு வேல செஞ்சிடுச்சி!" என்று அத்தை தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சொல்லட்டும். அந்தப் பெண் சரி என்றபோது கல் நிறமே இல்லாமல்தான் கிடந்தது — இதை யாரும் அத்தையிடம் போட்டுக் கொடுத்துவிடாதீர்கள்!