குராமோச்சியின் ஆண்டுச் சீட்டு

எங்கள் ஊர்க் கோட்டைத் தோட்டத்தில் பதினாறு வருடமாகப் பெருக்குகிறேன். பூப் பார்க்க வருகிறவர் யார், வேறு போக்கிடம் இல்லாமல் வருகிறவர் யார் என்று எனக்குத் தெரியும். போன வருடம் ஜூன் மழையில், கோட்டும் டையுமாக ஒருவர் தினமும் எட்டரைக்கு வந்து அகழியோர பெஞ்சில் உட்கார்ந்தார். ஐரிஸ் அவ்வளவும் பூத்துக் கிடக்க, மனிதர் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெயர் குராமோச்சி. ஐம்பத்து நான்கு வயது. இருபத்தொன்பது வருடம் உழைத்த கம்பெனி ஆட்குறைப்பு என்று வெளியே அனுப்பிவிட்டது. வீட்டில் மூச்சு விடவில்லை. மனைவி ஃபுமியே துணியில் முடிச்சுப் போட்டுக் கட்டிக் கொடுக்கும் சாப்பாட்டோடு, வேலைக்குப் போவதுபோலவே கிளம்பி வந்துவிடுவார். கம்பெனி கொடுத்தனுப்பிய தொகை மாதாமாதம் சம்பளமாக வேடம் போட்டது. தோட்டத்துக்குள் நுழைய ஆண்டுச் சீட்டும் எடுத்துவிட்டார்.

“வீட்ல சொல்லிட வேண்டியதுதானே சார்?” என்றேன்.

“மேப்பிள் இலை சிவக்கட்டும் அக்கா. அதுக்குள்ள வேற வேலை கெடச்சிரும்.”

மேப்பிள் சிவந்தது, உதிர்ந்தது, நான் பெருக்கினேன். பனியில் முறியாமலிருக்க பைன் கிளைகளுக்குக் கயிறு கட்டினார்கள். வேலை கிடைக்கவில்லை. மகளுக்குக் கல்யாணம்தான் நிச்சயமானது. பெஞ்சில் பனி ஏறியதும் அவரை என் துடைப்பக் கொட்டகைக்குள் கூப்பிட்டுக்கொண்டேன். மண்ணெண்ணெய் அடுப்போரம் உட்கார்ந்து ஒரு பருக்கை விடாமல் சாப்பிடுவார்.

“பொரிச்ச முட்டைய இப்படிச் சுருட்ட என் பொண்டாட்டியால மட்டும்தான் முடியும்” என்பார்.

“அந்த முட்டைக்காகவாவது உண்மையச் சொல்லுங்க.”

சிரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஏப்ரலில் செர்ரி பூத்தது. ஒருநாள் மத்தியானம் அடித்துப் பிடித்துக் கொட்டகைக்குள் ஓடி வந்தார். “தெருப் பொம்பளைங்களோட அவ வந்திருக்கா!” மண்வெட்டிகளுக்கு நடுவே குந்திக்கொண்டார். பதற்றத்தில் சாப்பாட்டு மூட்டையை பெஞ்சிலேயே விட்டுவிட்டார்.

எடுத்துவரப் போனேன். ஒரு பெண்மணி கூட்டத்தைவிட்டு விலகி வந்து மூட்டையின் முன்னால் நின்றிருந்தார். தான் போட்ட முடிச்சு தனக்கே தெரியாமல் போகுமா? மேலே விழுந்திருந்த இதழ்களைத் தட்டினார். தளர்ந்திருந்த முடிச்சை இறுக்கினார். பிறகு கூட்டத்தோடு போய்ச் சேர்ந்து, அவர்கள் சிரித்ததற்குத் தானும் சிரித்தார்.

“பாத்துட்டாளா?”

“இல்ல சார்” என்றேன். அடுத்தவர் வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைக்கக் கூடாது என்பதை எங்களுக்குப் பாலோடு சேர்த்துப் புகட்டியிருக்கிறார்கள். அந்த நல்ல பழக்கத்தை நினைத்தால் இப்போது வாய் கசக்கிறது.

அவருடைய சீட்டு இந்த ஜூன் பத்தோடு முடிவதாக இருந்தது. “அன்னிக்கு ராத்திரி சொல்லிடுவேன் அக்கா. இதுக்கு மேல முடியல” என்றார். நம்பினேன். அவளுக்குத்தான் எல்லாம் தெரியுமே, இவர் வாயைத் திறந்தால் போதும், இருவரும் சேர்ந்து அழுது தீர்த்துவிடுவார்கள் என்று நான் பாட்டுக்கு நினைத்துக்கொண்டேன்.

ஜூன் பத்தாம் தேதியும் மழை. கொட்டகையில் மூட்டையை அவிழ்த்தார். டப்பாவின்மேல் ஒரு புது ஆண்டுச் சீட்டு இருந்தது, அடுத்த ஜூன் வரைக்கும். பெயர் எழுதும் இடத்தில், மனைவியின் கையெழுத்தில், குராமோச்சி.

“நல்லதாப் போச்சு சார்! அவங்களுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு. இப்பவே வீட்டுக்குப் போங்க!”

“புரியலையா அக்கா?” சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பகல்ல வீட்டுப் பக்கம் வராதன்னு சொல்றா. அக்டோபர்ல கல்யாணம். சம்பந்தி வீட்டுக்கு நான் இன்னும் மேனேஜர்.”

எனக்கு அந்தப் பெண்மேல் ஆத்திரம் வந்தது. அதைவிட என்மேல் வந்தது. செர்ரிக் காலத்திலேயே அவரை இழுத்துக்கொண்டுபோய் அவள் எதிரே நிறுத்தியிருக்க வேண்டும்.

அவர் முட்டையை எடுத்து மென்று விழுங்கினார். அன்றைக்கு முட்டையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் எட்டரைக்கு, டை கட்டிக்கொண்டு, புதுச் சீட்டைக் காட்டி உள்ளே வந்தார்.