பெரியக்கா எழுதிக் கொடுத்த புகார்

நரம்பு மருத்துவர் ஒருவரின் கிளினிக்கில் இருபத்திரண்டு வருடமாகத் தலைமை நர்ஸாக இருந்தவரை எல்லோரும் பெரியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவரைவிட நான்கு வயது மூத்த மருத்துவரும் அப்படியே கூப்பிட்டார். மருந்துக்கடைக்கு மேலே மூன்று அறைகள். ஒன்றில் நோயாளிகள் காத்திருப்பார்கள், ஒன்றில் மருத்துவர் இருப்பார். மூன்றாவது அறையில் தலை முழுக்கக் கம்பிகளை ஒட்டி மூளையின் அலைகளைப் பதிவு செய்யும் இயந்திரம். வருகிறவர்களில் பாதிப்பேர் வலிப்பு நோய்க்காக வருகிறவர்கள். கீழே மருந்து வாங்குவதுபோல் சற்று நின்று, தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் படியேறுவார்கள்.

நோய் வெளியே தெரிந்துவிடுமோ என்ற அவர்களுடைய அந்தப் பயம் பெரியக்காவுக்கும் தொற்றியிருந்தது. அதற்குக் காரணமும் உண்டு. பதினோரு வருடத்துக்கு முன்னால், மருத்துவர் பின்னால் நின்று வேலை கற்றுக்கொள்ள வந்த ஒரு மருத்துவ மாணவன், வலிப்பில் துடித்துக்கொண்டிருந்த ஒரு அம்மாளைக் கைபேசியில் படம் பிடித்து நண்பர்களுக்கு அனுப்பிவிட்டான். படம் சுற்றிச் சுற்றி அந்த அம்மாளின் மகளிடமே போய்ச் சேர்ந்தது. அவள் கிளினிக்குக்கு வந்து கேட்டது ஒரே கேள்விதான்: "நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க?"

அன்றிலிருந்து எந்த மாணவர் வந்தாலும் முதல் நாளே ஒரு தாளில் கையெழுத்து வாங்குவார். கைபேசி அவருடைய மேஜையில் இருக்க வேண்டும். நோயாளியின் பெயரை எங்கும் எழுதக் கூடாது. நோயாளி சம்மதித்தால்தான் அறைக்குள் நிற்கலாம். நோயாளியிடம் தனியாக ஒரு வார்த்தைகூடப் பேசக் கூடாது. கையெழுத்து வாங்கிய பிறகும் நம்ப மாட்டார்.

அவருடைய கணவர் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். "எனக்காவது பஸ்ஸை விட்டு இறங்கினா சந்தேகம் தீர்ந்துடும். நீ அதை வீடு வரைக்கும் கூட்டிட்டு வர்றே," என்பார்.

இந்த வருடம் ஆறு வாரத்துக்கு வந்த மாணவி அதிகம் பேசாதவள். பெரியக்காவுக்கு அதுவே உறுத்தியது. ஒவ்வொரு நோயாளியும் போன பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு ஒரு சின்ன நோட்டில் ஏதோ எழுதுவாள். யாராவது நெருங்கினால் மூடிவிடுவாள். தண்ணீர் குடிக்கப் போனால் திரும்பி வர நேரமாகும். பெரியக்கா ஃபைல்களை அடுக்கிக்கொண்டே கடிகாரத்தைப் பார்ப்பார். ஒருநாள் ஏழு நிமிடம். இன்னொரு நாள் பதினொன்று.

"ஏம்மா, அப்படி என்னத்தை எழுதறே?"

"நான் பார்த்ததைத்தான் அக்கா. பேரு எதுவும் எழுதலை."

"பேருன்னு நான் கேக்கவே இல்லையே," என்றார் பெரியக்கா. அவள் நோட்டை மூடிப் பைக்குள் வைத்தாள்.

இரண்டாவது வாரம் ஒரு வேன் ஓட்டுநர் வந்தார். நாற்பது வயதிருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலை. திடீரென்று சில நொடிகள் பார்வை நிலைகுத்தி, சுற்றி நடப்பது எதுவும் தெரியாமல் போகிறது என்றார். மாணவி உள்ளே இருக்கலாமா என்று பெரியக்கா கேட்டபோது, "இருக்கட்டும் சிஸ்டர், படிக்கிற பொண்ணு," என்றார்.

பரிசோதனை முடிவைப் பார்த்த மருத்துவர், இதுவும் வலிப்பில் ஒரு வகைதான் என்று விளக்கினார். மாத்திரைக்குக் கட்டுப்படும், ஆனால் கட்டுக்குள் வந்துவிட்டது என்று தான் சொல்லும்வரை வண்டி ஓட்டக் கூடாது என்றார்.

ஓட்டுநர் கையெடுத்துக் கும்பிட்டார். "வேலை போயிடும் சார். ஸ்கூலுக்கு மட்டும் தெரிய வேண்டாம். உங்க கால்ல விழறேன்."

"நீங்களே போய்ச் சொல்லுங்க. ஒரு வாரம் பொறுக்கறேன். அதுக்கப்புறம் என்ன செய்யறதுன்னு நான் யோசிக்கணும்," என்றார் மருத்துவர்.

ஓட்டுநர் படியிறங்கினார். மாணவி தண்ணீர் குடிக்கக் கிளம்பினாள். பெரியக்கா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தபோது, இருவரும் படிக்கட்டின் திருப்பத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் ஏதோ கேட்க, அவர் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். உடனே கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று பேசாமல் இருந்துவிட்டார்.

ஐந்தாம் நாள் ஓட்டுநரின் மனைவி வந்து நின்றாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"அவரை வண்டி எடுக்க வேண்டாம்னு ஸ்கூல்ல சொல்லிட்டாங்க. சாவியை வாங்கி வச்சுக்கிட்டாங்க. இங்க வந்தது எனக்கும் அவருக்கும் மட்டுந்தான் தெரியும். உங்கள்ல யாரு சொன்னது?"

மருத்துவர் தான் இன்னும் யாருக்கும் எழுதவில்லை என்றார். பெரியக்கா மாணவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். குற்றவாளியின் முகம் இதுதான் என்று பெரியக்கா முடிவே செய்துவிட்டார்.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் மாணவியின் பையைத் திறந்து நோட்டை எடுத்தார். பெயர்கள் இல்லை. நோயாளிகளை எண் போட்டு எழுதியிருந்தாள். பதினான்காம் எண்ணுக்குக் கீழே, 'வேன். பன்னிரண்டு குழந்தைகள்' என்று எழுதி இரண்டு கோடு இழுத்திருந்தாள். அது போதும் என்று பெரியக்காவுக்குத் தோன்றியது. உட்கார்ந்து ஒரு பக்கத்துக்குப் புகார் எழுதினார். பையைத் திறந்ததை அதில் எழுதவில்லை.

மருத்துவர் மாணவியைக் கூப்பிட்டு விசாரித்தார். "படிக்கட்டுல பேசினது உண்மை சார். பேசியிருக்கக் கூடாது. ஆனா ஸ்கூலுக்கு நான் சொல்லலை," என்றாள். மருத்துவர் புகாரைக் கல்லூரிக்கு அனுப்பினார். அவள் பையை எடுத்துக்கொண்டு போனாள்.

மூன்று வாரம் கழித்து ஓட்டுநர் மறுபரிசோதனைக்கு வந்தார். இயந்திரத்தின் கம்பிகளை அவர் தலையில் ஒட்டிக்கொண்டே பெரியக்கா, "உங்களுக்கு நடந்த அநியாயத்துக்கு இங்க நடவடிக்கை எடுத்துட்டோம். அந்தப் பொண்ணை அனுப்பிட்டோம்," என்றார்.

அவர் திடுக்கிட்டு எழப் பார்த்தார். "எந்தப் பொண்ணை?"

"ஸ்கூல்ல போய்ச் சொன்னவளை."

"ஐயோ சிஸ்டர், ஸ்கூல்ல சொன்னது நான்."

பெரியக்காவின் கை அப்படியே நின்றது.

"அந்தப் பொண்ணு வேற ஒண்ணும் சொல்லலை. 'வண்டியில எத்தனை பிள்ளைங்க அண்ணா?'ன்னு கேட்டுச்சு. ஒவ்வொருத்தரா எண்ணிச் சொன்னேன், பன்னிரண்டு. அவ்வளவுதான் பேச்சு. அப்புறமும் ரெண்டு நாள் வண்டி எடுத்தேன், பொய் சொல்ல மாட்டேன். மூணாம் நாள் சிக்னல்ல நிக்கறேன். பின்னாடி பிள்ளைங்கல்லாம் 'அங்கிள், பச்சை! அங்கிள், பச்சை!'ன்னு கத்துறாங்க. எவ்வளவு நேரமாக் கத்தினாங்கன்னு எனக்குத் தெரியலை. வண்டி நின்னுட்டிருந்தப்போ வந்துச்சே, ஓடிட்டிருந்தப்போ வந்திருந்தா? ஸ்கூலுக்குப் போனதும் பிரின்சிபால்கிட்ட சாவியைக் குடுத்துட்டேன். வீட்டுல சொல்லத்தான் தைரியம் வரலை. பழியை இங்க போட்டுட்டேன்."

பெரியக்கா மீதிக் கம்பிகளை ஒட்டி முடித்தார். ஒன்று இடம் மாறிப்போய், எடுத்துத் திரும்ப ஒட்ட வேண்டியதாயிற்று. போகும்போது ஓட்டுநர், "என்னைப் பத்தி எதுவும் சொல்லாம, அந்தப் பொண்ணு மேல தப்பு இல்லைன்னு மட்டும் சொல்லிடுங்க," என்று கேட்டுக்கொண்டார்.

அன்று மாலையே பெரியக்கா மருத்துவரிடம் எல்லாவற்றையும் சொன்னார், பையைத் திறந்தது உட்பட. மருத்துவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "நானும் அவ சொன்னதை நம்பாமத்தானே அனுப்பினேன் பெரியக்கா," என்றார். பெரியக்கா உட்கார்ந்து இரண்டாவது கடிதம் எழுதினார். இந்த முறை ஓட்டுநரைப் பற்றியதைத் தவிர எதையும் விடவில்லை. தபாலில் போடாமல், மறுநாள் தானே கல்லூரிக்குக் கொண்டுபோனார்.

மாணவியை நூலகத்துக்கு வெளியே பார்த்தார். அவள் கடிதத்தை நின்றபடியே வாசித்தாள். பை பற்றிய வரி வந்ததும் நிமிர்ந்தாள்.

"நோட்டைப் படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"கேட்டிருந்தா நானே காட்டியிருப்பேன் அக்கா."

"தெரியும். இப்ப தெரியும்."

"நான் படிக்கட்டுல பேசினதும் தப்புதான்," என்றாள் அவள். பிறகு தயங்கி, "திரும்பி வரச் சொல்றீங்களா?" என்று கேட்டாள்.

"வந்தா சந்தோஷம்."

அவள் தலையாட்டினாள், வருகிறேன் என்று சொல்லவில்லை. மீதி வாரங்களை ஒரு எலும்பு முறிவு மருத்துவரிடம் முடிக்க ஏற்பாடாகிவிட்டது என்றாள். அங்கே யாரும் அவளைக் கடிகாரம் வைத்துப் பார்ப்பதில்லையாம். சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தாள். பெரியக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை.

கிளம்பும்போது அவள் கூப்பிட்டாள். "அக்கா, நான் சொல்லலைன்னு எப்படித் தெரிஞ்சுது? அந்த அண்ணா வந்தாரா? எப்படி இருக்காரு?"

ஓட்டுநர் நன்றாகத்தான் இருந்தார். அதே பள்ளியில் வாசல் பார்க்கும் வேலை கிடைத்திருந்தது. பன்னிரண்டு பிள்ளைகளும் தினம் அவரைத் தாண்டித்தான் உள்ளே போனார்கள். சொல்ல வேண்டும் என்று பெரியக்காவுக்கு நாக்கு நுனிவரை வந்தது.

"அதை நான் சொல்லக் கூடாதும்மா," என்றார்.

மாணவி அவரையே பார்த்தாள். பிறகு, "ஆமா, சொல்லக் கூடாது," என்று கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.