ஆறு செமஸ்டரை நான்காக்கிய தாள்

சட்டக் கல்லூரி அலுவலக மேசையில் என் வகுப்புத் தோழி விரித்து வைத்த தாளில் ஆறு செமஸ்டர்கள் நான்காகச் சுருங்கியிருந்தன. ஏற்றுமதி ஆர்டருக்குப் போடுவார்களே, நூல் வரும் தேதி, சாயம் முடியும் தேதி, தையல், பேக்கிங் என்று, அதே மாதிரிக் கட்டங்கள். நூல் இருக்க வேண்டிய இடத்தில் ஒப்பந்தச் சட்டம் இருந்தது.

வகுப்பில் அவருக்கு அடுத்த இருக்கை என்னுடையது. நான் செய்தித்தாள் வேலையை விட்டு வந்தவன். அவர் வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில், தைத்து வந்த துணியில் குறை தேடும் செக்கிங் பிரிவில் பதினோரு வருடம் நின்றவர். பிரசவ விடுப்பு முடிந்து வந்த ஒரு பெண்ணை உள்ளே விடாதபோது, ஏன் என்று கேட்டார். மறுவாரம் அவருக்கும் வேலை போனது. அந்த வழக்கு தொழிலாளர் நீதிமன்றத்தில் இருந்தது. தொலைதூரக் கல்வியில் வாங்கிய பி.காம். பட்டத்தோடு மூன்றாண்டு சட்டப்படிப்பில் அவர் சேர்ந்ததே, வக்கீலாகி அந்த வழக்கில் தானே எழுந்து பேசத்தான். சாட்சி விசாரணை ஒரு வருடத்துக்குள் தொடங்கிவிடும். படிப்பு முடிய இன்னும் இரண்டு வருடம் இருந்தது.

“ஷிப்மென்ட் அவசரம்னா ஓவர்டைம் பாத்து முன்னாடியே அனுப்பிருவோமுங்க சார். நான் ஞாயித்துக்கெழமையும் வர்றேனுங்க. பரீச்சைய மட்டும் சீக்கிரமா வெச்சுக் குடுங்க.”

எழுத்தர் தாளை முழுவதும் படித்தார். “நல்லாத்தான் போட்டிருக்கீங்க. ஆனா இது பனியன் இல்லீங்கம்மா. மூணு வருசம்னா மூணு வருசந்தான். லேட்டா முடிக்கலாமுங்க, எத்தனையோ பேரு அப்படி முடிச்சிருக்காங்க. சீக்கிரமா முடிக்க வழியில்லீங்க.”

கேட்டதை அப்படியே நம்பாத பழக்கம் எனக்கு. அந்த வாரமே விதிகளை வாங்கிப் படித்தேன். எழுத்தர் சொன்னது சரி. பாடங்களைச் சேர்த்துப் படித்துக் காலத்தைக் குறைக்க முடியாது. இடையில் இரண்டாம் ஆண்டிலோ மூன்றாம் ஆண்டிலோ நேராகச் சேரவும் முடியாது. பேருந்து நிறுத்தத்தில் அவரிடம் சொன்னேன். தாளை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

அவர் வழக்கை நடத்திவந்தவர் ஒரு தொழிற்சங்கத்துக்காரர். வெள்ளைச் சட்டை, கை நிறையக் காகிதக் கட்டு. எல்லோருக்கும் அவர் “வக்கீல் சார்”. நல்ல மனிதர்தான், கையில் வழக்குகள் அதிகம். ஒருமுறை இவரைத் தையல் பிரிவு என்று நீதிமன்றத்தில் சொல்லிவிட்டார்.

“பீஸப் பாக்காமயே பாஸ் பண்ற மாதிரிங்கண்ணா” என்றார் இவர் என்னிடம்.

மூன்றாம் செமஸ்டரில் தொழிலாளர் சட்டம் வந்தது. துணியில் ஓட்டை தேடுவதுபோல வரிமேல் விரல் வைத்துப் படிப்பவர் அவர். ஒரு மதியம் நூலகத்தில் அந்த விரல் நின்றது.

“அண்ணா, நான் தப்பாப் படிக்கிறனா பாருங்க.”

இரண்டு முறை படித்தேன். தப்பில்லை. தொழிலாளர் நீதிமன்றத்தில் தொழிலாளி தன் வழக்கைத் தானே பேசலாம். சங்க நிர்வாகியும் அவருக்காகப் பேசலாம். வக்கீல் வருவதற்குத்தான் எதிர்த்தரப்பின் சம்மதமும் நீதிமன்றத்தின் அனுமதியும் வேண்டும்.

“அப்ப நம்ம வக்கீல் சாரு?”

அங்கேயே சங்கத்துக்காரருக்குப் போன் போட்டார். சிரிப்புச் சத்தம் எனக்கும் கேட்டது. “நான் பத்தாவது கண்ணு! நீங்களா வக்கீலுன்னீங்க, நானும் வேண்டாங்கல.”

“மொதல்லயே சொல்றதுக்கென்னங்க? இதுக்குன்னு நான் காலேஜே சேந்துட்டேன்!”

நூலகர் எங்களை முறைத்தார்.

விசாரணை நாளில் கம்பெனிக்காகப் புதிதாக ஒரு வக்கீல் வந்திருந்தார். அந்த வக்கீல் பேச இவருக்குச் சம்மதமா என்று நீதிபதி கேட்டார். “வரட்டுங்கய்யா. அவரும் பேசட்டும், நானும் பேசறேனுங்க.” பிறகு சாட்சிக் கூண்டில் நின்ற கம்பெனி மேனேஜரிடம் தன் முதல் கேள்வியைக் கேட்டார்: “பதினோரு வருசம் நான் எந்த டேபிள்ல நின்னேனுங்க சார்?” மேனேஜருக்குத் தெரியவில்லை. நீதிபதி அதைக் குறித்துக்கொண்டார். சாட்சியின் மிச்ச விசாரணைக்கு வேறு தேதி கொடுத்தார்கள்.

தேர்வுக் கட்டணம் கட்டப் போனபோது எழுத்தர் சீண்டினார்: “என்னங்கம்மா, இன்னும் சீக்கிரமா முடிக்கோணுமா?”

“வேண்டாங்க சார். அடுத்த செமஸ்டர் சாட்சியச் சட்டமுங்க. அதத் தாண்டிப் போயிட்டா மேனேஜர்கிட்ட ரெண்டாவது கேள்வி எப்படிங்க கேப்பேன்?”