பணிப்பாளருக்கு ஒரு பொன்னாடை

தாட்சாயினிக்கு இருக்கிற ஒரே பைத்தியம் வலைப்பந்து. வெரிபீ என்கிற புறநகரில் ஒரு முதியோர் இல்லத்துக் குசினியில் அவளும் நானும் பல வருடங்களாக ஒன்றாக வேலை செய்கிறோம். நான் விளையாட்டு என்றால் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு எழுந்து போகிற ஆள். அவளோ காலையில் கஞ்சி கிளறிக்கொண்டே சனிக்கிழமை ஆட்டத்தைப் பற்றி எனக்கு விளக்கம் சொல்லுவாள். கஞ்சி அடிப்பிடித்தால் நான்தான் பானையைத் தேய்க்க வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட அணியில் விளையாடியவள். சண்டை வந்து இடம்பெயர்ந்ததோடு அது நின்றுபோனது. இங்கே வந்த புதிதில் ஆங்கில வகுப்புக்கென்று நகரத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒரு பல்கலைக்கழகத்துக்குப் போயிருக்கிறாள். வழி தெரியாமல் ஏதோ ஒரு கதவைத் திறந்தால் உள்ளே பெண் பிள்ளைகள் வலைப்பந்து ஆடிக்கொண்டிருந்தார்களாம். அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய ஆங்கிலம் இன்றைக்கும் அரைகுறைதான், அந்த அணியை மட்டும் பிறகு ஒரு நாளும் விடவில்லை.

ரயிலும் பேருந்துமாக மாறி மாறிப் போய்ச் சேர வேண்டும். மழையென்றும் குளிரென்றும் பார்க்க மாட்டாள். ஆட்டக்காரப் பிள்ளைகள் உட்காருகிற நீள வாங்கு முடிகிற இடத்தில், முதல் வரிசையில், அவளுக்கென்று ஒரு கதிரை. ஆட்டம் தொடங்கு முன் பிள்ளைகள் வரிசையாக ஓடிவந்து அவளுடைய உள்ளங்கையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் களத்துக்குள் இறங்குவார்கள். வருடா வருடம் படிப்பு முடித்துச் சிலர் போவார்கள், புதியவர்கள் வருவார்கள். அந்தத் தட்டு மட்டும் மாறவில்லை. தோற்றுவிட்டால் திங்கட்கிழமை அவளோடு கதைக்க முடியாது.

“உன்ர பிள்ளையே விளையாடுது? ஏன்டி உனக்கு உந்த வேலையத்த வேலை?” என்று ஒரு முறை கேட்டேன்.

“என்ர பிள்ளை விளையாடினா நான் பிள்ளையை மட்டும்தானே பாப்பன். இப்ப எல்லாரையும் பாக்கிறன்,” என்றாள். அவளோடு வாய் கொடுத்து யார் வென்றது?

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் புதிய விளையாட்டுத் துறைப் பணிப்பாளர் வரும்வரை. வந்தவர் எங்களுடைய ஆள். பிரேம்நாத் என்று பெயர், சின்ன வயதில் தாய் தகப்பனோடு கொழும்பிலிருந்து வந்து இங்கேயே வளர்ந்தவர். ஒரு தமிழன் அந்தப் பதவியில் உட்கார்ந்துவிட்டான் என்று எங்கள் தமிழ்ச் சங்கத்துத் தலைவர் பாஸ்கருக்குத் தலைகால் தெரியவில்லை. தாட்சாயினியும் சந்தோஷப்பட்டாள். வேலைக்கு லட்டு கொண்டுவந்தாள். நானும் தின்றேன்.

பிறகு ஒவ்வொன்றாகத் தொடங்கியது. நல்ல பயிற்றுநரைப் பருவத்தின் நடுவில் வீட்டுக்கு அனுப்பினார். பிள்ளைகள் பயிற்சி செய்கிற நேரத்தை வெளியாட்களுக்கு வாடகைக்கு விட்டார். குளிர் காலத்தில் மண்டபத்தின் சூடாக்கியை நிறுத்தினார், பார்க்க வந்தவர்கள் போர்வையோடு உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில், அடுத்த வருடத்திலிருந்து இந்த அணி இல்லை, ஆடுகளம் உடற்பயிற்சிக் கூடமாக மாறும் என்று அறிவித்தார். காரணமாம், பார்க்க ஆட்கள் வருவதில்லை! இந்த மனிதர் ஒரு நாளாவது அந்த மண்டபத்துக்குள் கால் வைத்துப் பார்த்திருந்தால் அல்லவா யார் வருகிறார்கள் என்று தெரியும்.

ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். அதிகம் பேரில்லை, பிள்ளைகளின் பெற்றோரும் பழைய ஆட்டக்காரிகளும் அயலில் இருக்கிற சில கிழவர்களும்தான். மின்னஞ்சல் போட்டார்கள். ‘உங்கள் கருத்துக்கு நன்றி’ என்று இயந்திரம் பதில் போட்டது. சந்திக்க நேரம் கேட்டார்கள். கிடைக்கவில்லை. தாட்சாயினி பழைய கட்டில் விரிப்பில், ‘பணிப்பாளரே, ஒரு முறை வந்து பாரும்’ என்று ஆங்கிலத்தில் எழுதி மண்டபத்தில் கட்டினாள். எழுத்துப் பிழை பார்த்துக் கொடுத்தது அணித் தலைவி மோனிகா. கிளென் வேவர்லிப் பக்கத்துப் பிள்ளை, தாய் தகப்பன் மதுரைப் பக்கம். வீட்டில் தமிழ் பேசி வளர்ந்ததால் தாட்சாயினிக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் நடுவில் அவள்தான் பாலம்.

அந்த விரிப்பின் கதை பாஸ்கரின் காதுக்குப் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவில் வாசலில் எங்களைப் பிடித்துக்கொண்டார்.

“என்ன தங்கச்சி இது? எங்கட பிள்ளை ஒருத்தன் கஷ்டப்பட்டு மேல வந்திருக்கிறான். வெள்ளைக்காரன் பேசினாலும் பரவாயில்லை, நாங்களே கல்லெறியிறதே?”

“அண்ணை, அவர் எங்கட பிள்ளை எண்டா, அங்க விளையாடுற பிள்ளையள் ஆற்ற பிள்ளையள்?” என்றாள் தாட்சாயினி.

பாஸ்கர் எங்களை வாசலின் ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார். பிறகுதான் அந்த யோசனையைச் சொன்னார். சங்கத்தின் ஆண்டு விழாவுக்குப் பிரேம்நாத்தான் பிரதம விருந்தினர். தாட்சாயினியே மேடையில் ஏறி அவருக்குப் பொன்னாடை போர்த்தட்டும், போர்த்திய கையோடு மைக்கில் அணியைக் காப்பாற்றித் தரும்படி கேட்கட்டும்.

அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதே கதைதான்.

“சபையில வைச்சு மரியாதை செய்து கேட்டா மறுக்க ஏலாது, சுஜீவா. மறுத்தா அவருக்குத்தான் மரியாதைக் கேடு.”

“உது எங்களுக்கு விளங்கும். இஞ்ச வளர்ந்தவனுக்கு விளங்குமே?”

“தமிழன்தானே. விளங்கும்,” என்றாள்.

அந்த நம்பிக்கையை நான் என்னவென்று சொல்ல? கடை கடையாக ஏறி இறங்கி, அணியின் சட்டை நிறத்திலேயே பச்சைக் கரை வைத்த பொன்னாடை தேடி வாங்கினாள். சங்கம் வாங்கித் தருகிறதை வேண்டாம் என்றுவிட்டாள்.

விழா அன்றைக்கு மேடையில் அவளைப் பார்க்க வேண்டுமே! பொன்னாடையின் மடிப்பை நீவி நீவி விரித்தாள். போர்த்திவிட்டு மைக்கைப் பிடித்தாள். “தம்பி, நீங்கள் எங்களுக்குப் பெருமை. அந்தப் பிள்ளையளின்ர ரீமை மட்டும் நிப்பாட்டாதேங்கோ. உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன்,” என்றாள். மண்டபமே கை தட்டியது. பிரேம்நாத் இரண்டு கைகளையும் கூப்பி, அழகாகச் சிரித்து, “கட்டாயம் கவனிக்கிறன் அன்ரி,” என்றார். பக்கத்தில் நின்ற அவருடைய அலுவலகப் பிள்ளை படம் எடுத்தது. தாட்சாயினி மேடையிலிருந்து அழுதுகொண்டு இறங்கினாள். “ஓம் எண்டிட்டார் சுஜீவா, ஓம் எண்டிட்டார்,” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கே அன்றைக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

அடுத்த வாரம் பல்கலைக்கழகத்தின் இணையப் பக்கத்தில் அந்தப் படம் வந்தது. தாட்சாயினி கண் கலங்கிச் சிரித்தபடி பிரேம்நாத்துக்குப் பொன்னாடை போர்த்துகிறாள். கீழே எழுதியிருந்தது இதுதான்: நீண்ட கால வலைப்பந்து ரசிகை, விளையாட்டுத் துறையின் புதிய திட்டத்துக்காகப் பணிப்பாளருக்கு நன்றி தெரிவிக்கிறார். அவளுக்கு அதை வாசித்துச் சொன்னதே நான்தான். அவள் பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

அந்தச் சனிக்கிழமை அவள் தன் கதிரையில் போய் உட்கார்ந்தாள். பிள்ளைகள் ஓடி வந்தார்கள். ஒருவரும் அவளுடைய கையில் தட்டவில்லை. கையை நீட்டியபடி இருந்தாளாம். கோல் காக்கிற ஜோர்ஜியா, எட்டு அடிக்கு வளர்ந்து நிற்கிற பிள்ளை, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு போனாளாம். இடைவேளையில் மோனிகா மட்டும் வந்தாள்.

“ஆன்ட்டி, அந்தப் படத்தைப் பார்த்தோம். ஏன் இப்படிப் பண்ணீங்க? நீங்களே அவர் பக்கம் போயிட்டா நாங்க என்ன பண்றது?”

இவள் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள், மரியாதை செய்து கேட்டால் மறுக்க முடியாது என்பதையும் சேர்த்து.

“எனக்குப் புரியுது ஆன்ட்டி. ஆனா அவங்களுக்கு நான் இதை எப்படிச் சொல்வேன்? பொன்னாடை போர்த்தினா சப்போர்ட்னுதானே அவங்க நினைப்பாங்க,” என்று சொல்லிவிட்டு மோனிகா போய்விட்டாள்.

இதையெல்லாம் திங்கட்கிழமை குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டே சொன்னாள். வெங்காயத்துக்கு அழுகிறாளா இதற்கு அழுகிறாளா என்று நான் கேட்கவில்லை. அணி போகப்போகிறது என்று தெரிந்தும் தளராமல் எழுந்து நின்றவள் அவள். தங்களைக் காட்டிக்கொடுத்தவள் என்று பிள்ளைகள் நினைப்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. அதற்குப் பிறகும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் போனாள், ஆனால் முதல் வரிசைக்குப் போகாமல் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டு வந்தாள்.

கடைசி ஆட்டத்துக்கு என்னையும் கூட வரச் சொன்னாள். அன்று பிரேம்நாத் வருகிறார், பிள்ளைகளுக்குப் பூங்கொத்துக் கொடுத்து வழியனுப்பப் போகிறார் என்று செய்தி வந்திருந்தது. வாழ்நாளில் முதல் முறையாக வருகிறார், அதுவும் பிணத்துக்குப் பூப் போட! ரயிலில் அவள் என்னிடம் மெதுவாகச் சொன்னாள்:

“நான் அந்தப் பொன்னாடையைத் திருப்பிக் கேக்கப் போறன்.”

“உனக்கென்ன விசரே? போர்த்தினதைத் திருப்பிக் கேட்டவை ஆரும் இருக்கினமே?”

“அது அவரிட்ட இருக்கிற வரைக்கும் நான் அவற்ற பக்கம்தான் சுஜீவா. பிள்ளையள் நினைக்கிறதில என்ன பிழை?”

ரயில் நின்றதும் நான் அவளுக்குப் பின்னால் இறங்கினேன்.

மண்டபம் அன்றைக்கு நிறைந்திருந்தது. பிரேம்நாத் புகைப்படக்காரரோடு உள்ளே வந்ததும், யாரும் சொல்லாமலே ரசிகர்கள் எல்லோரும் எழுந்து அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்கள். கூச்சல் இல்லை, ஒரு சத்தமும் இல்லை. நானும் திரும்பி நின்றேன். பக்கத்தில் தாட்சாயினியைக் காணவில்லை. கழுத்தைத் திருப்பிப் பார்த்தால், அவள் ஒருத்தி மட்டும் அவருக்கு நேரே நடந்துபோகிறாள். களத்தில் நின்ற பிள்ளைகள் பார்த்தார்கள். ஜோர்ஜியா ஏதோ முணுமுணுத்துக்கொண்டு தலையைக் குனிந்தாள். இன்னொரு முறை கும்பிடப் போகிறாள் என்றுதான் அந்தப் பிள்ளை நினைத்திருக்கும்.

“தம்பி,” என்றாள் தாட்சாயினி. அந்த அமைதியில் அது மண்டபம் முழுக்கக் கேட்டது. “நான் உங்களுக்குப் போர்த்தின பொன்னாடையைத் திருப்பித் தாங்கோ.”

பிரேம்நாத்துக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு சிரிக்கப் பார்த்தார்.

“ஓ, அந்த ஷோல், பொன்னாடையா அன்ரி? சொறி. அது நான் அண்டைக்கு ஹோல்லயே விட்டிட்டு வந்திட்டன் போல. பாஸ்கர் அங்கிளிட்டக் கேட்டுப் பாருங்கோவன்.”

தேடித் தேடி வாங்கினது, மடிப்பு நீவி நீவிப் போர்த்தினது, அதற்காக இவள் இத்தனை நாள் சோறு தின்னாமல் கிடந்தது, இந்த மனிதர் அதைக் கதிரையில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்! நான் போய் நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று காலெடுத்தேன். அதற்குள் அவளுடைய முகத்தைப் பார்த்தேன். அதில் கோபமே இல்லை. தலையிலிருந்து ஒரு சுமையை யாரோ இறக்கி வைத்ததைப் போல நின்றாள்.

“விட்டிட்டுப் போனீங்களோ?” என்றாள். “அப்ப சரி. நீங்கள் அதை வாங்கேல்லை. நானும் உங்களுக்குப் போர்த்தேல்லை.”

பிறகு களத்தின் பக்கம் திரும்பினாள்.

“மோனிகா, பிள்ளையளுக்குச் சொல்லு. அந்தப் படத்தில இருக்கிறது பொய். இவர் அதைக் கொண்டுபோகவே இல்லை. நான் இவருக்கு ஒண்டும் குடுக்கேல்லை எண்டு சொல்லு.”

மோனிகா மார்பில் ஆடுமிடத்தின் எழுத்துப் போட்ட பட்டையோடு நடுக் களத்தில் நின்று அதைச் சத்தமாக ஆங்கிலத்தில் சொன்னாள். சொல்லி முடிக்கிறபோது அவளுடைய குரல் உடைந்தது. திரும்பி நின்ற ரசிகர்கள் ஒவ்வொருவராக இந்தப் பக்கம் திரும்பினார்கள். பிரேம்நாத்தை ஒருவரும் பார்க்கவில்லை. நடுவர் விசிலை வாயில் வைத்தபடி ஊதாமல் நின்றார். ஜோர்ஜியா களத்தை விட்டு வந்தாள். தாட்சாயினி அவளுடைய நெஞ்சளவுக்குக்கூட இல்லை. குனிந்து அவளை இறுகக் கட்டிப்பிடித்துக்கொண்டு, பிள்ளை விக்கி விக்கி அழுதது. “சொறி அன்ரி, சொறி அன்ரி,” என்று அது மன்னிப்புக் கேட்டது என் காதில் விழுந்தது. மற்றப் பிள்ளைகளும் ஓடிவந்து சூழ்ந்துகொண்டார்கள்.

“போங்கோ, போய் விளையாடுங்கோ, அம்பயர் பாத்துக்கொண்டு நிக்கிறார்,” என்று தாட்சாயினி தமிழில் சொல்லி எல்லோரையும் களத்துக்குத் துரத்தினாள்.

அந்த ஆட்டத்தில் தோற்றார்கள். அணியும் அதோடு முடிந்தது. மண்டபத்தை விட்டு வெளியே வந்த பிறகுதான் அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு அவளாகவே சொன்னாள்:

“பிள்ளையளிட்ட நான் பொய்யாப் போகேல்லை, சுஜீவா. அது காணும் எனக்கு, வேற ஒண்டும் வேண்டாம்.”