ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஆறு பெஞ்சு

நான் எழுதியதை ஒருவர் வரி வரியாக, சிவப்பு மையில் அடிக்கோடிட்டுப் படித்தது என் வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் நடந்திருக்கிறது. அவர் படித்தது ஒரு கடையின் பெஞ்சுகளை அப்புறப்படுத்துவதற்காக.

எங்கள் பகுதியில் வாராவாரம் வீட்டு வாசலில் இலவசமாக வந்து விழுகிற ஒரு பத்திரிகை உண்டு. முக்கால்வாசி விளம்பரம். மிச்ச இடத்தை நிரப்ப என்னைப் போல இரண்டு மூன்று பேர். மூன்று வருடம் முன்பு, ஏப்ரல் கடைசியில், அதன் ஆசிரியர் போன் செய்தார்.

"வெயில் காலத்துல சாயந்தரம் எங்க போய்ச் சாப்பிடலாம்னு ஒண்ணு எழுதுங்க. பெரிய ஓட்டல் வேணாம். நம்ம பக்கத்துச் சின்னக் கடைங்க. முடிஞ்சா ஒரு பப்பும் சேர்த்துக்குங்க."

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் பப் என்று கூசாமல் சொல்லக்கூடிய இடம் எதுவும் எனக்குத் தெரியாது. ஒயின் ஷாப்பை ஒட்டிய பார்கள் தெரியும். அங்கே குளிர்ச்சியானது பாட்டில் மட்டுமே, அதுவும் நிச்சயமில்லை. ஆனாலும் கடமை தவறக் கூடாது என்று ஒன்றைச் சேர்த்தேன்: அவித்த கடலையில் மாங்காய் துருவிப் போடுகிற பார். எழுதியதை வீட்டில் படித்துக் காட்டினேன். "மாங்கா துருவிப் போடறது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் மனைவி. ஆராய்ச்சி என்றேன். அன்று ராத்திரி உப்புமா.

மொத்தம் ஐந்து கடை. திருவொற்றியூரில் கேழ்வரகுக் கூழுக்குக் கருவாடும் சின்ன வெங்காயமும் தருகிற தள்ளுவண்டி. காத்திவாக்கத்தில், முகத்துவாரத்து இறாலை வீட்டு வாசலிலேயே வறுத்துக் கொடுக்கும் ஒரு குடும்பம். வண்ணாரப்பேட்டையில் ஓர் அத்தோ வண்டி. பர்மாவிலிருந்து வந்த குடும்பம், நூடுல்ஸைப் பொரித்த வெங்காயத்தோடு கையால் பிசைந்து, பக்கத்தில் வாழைத்தண்டு சூப்பும் வைப்பார்கள். நான்காவது அந்த பார். ஐந்தாவது, அப்போதே நான் பதினோரு வருடமாகச் சாப்பிட்டுவந்த அக்கா கடை.

ராயபுரத்தில், துறைமுக மதிலைப் பார்த்தபடி போகிற ஒரு ரோட்டில், பத்துக்குப் பத்து அறை. உள்ளே அடுப்பு, அக்கா, மூன்று மேசை. சாயங்காலம் நாலு மணிக்குத் திறந்தால் சோறும் மீன்குழம்பும் தீரும்வரை. பங்குனி வரைக்கும் அந்த அறையில் உட்கார்ந்து சாப்பிடலாம். சித்திரை பிறந்துவிட்டால் மீனோடு சேர்ந்து நாமும் கொதிக்க வேண்டியதுதான். அதனால் வெயில் காலத்தில் கடை ரோட்டைத் தாண்டும். எதிர்ப்பக்கம், மதில் ஓரமாக, ஆறு பெஞ்சு. துறைமுகத்துக்குள் போக வரிசையில் நிற்கிற கன்டெய்னர் லாரி டிரைவர்கள், ஐஸ் கம்பெனி ஆட்கள், நான்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம், துல்லியம். வாசலிலிருந்து பெஞ்சுவரை காலால் அளந்து பார்த்து, பதினாலு அடி என்று எழுதினேன். பதினோரு கோடைகளாக அதே இடம் என்றும் எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை கட்டுரை வந்தது. புதன்கிழமை மத்தியானம் அக்காவிடமிருந்து போன்.

"சார், நீ எழுதினதால ஒரே பேஜாராயிடுச்சி. எவனோ உன் பேப்பர வெட்டி, ரோட்டுல பெஞ்சு போட்டுகீறாங்கன்னு கம்ப்ளெய்ண்ட் குடுத்துகீறான். நாலு மணிக்கு கார்ப்பரேசன் ஆபீசர் வர்றாராம். நீ வா."

அக்கா என்னை சார் என்பார். அடுத்த சொல்லிலேயே நீ என்பார். இரண்டிலும் குறை வைக்க மாட்டார்.

நான் போனபோது மதில் ஓரம் காலியாக இருந்தது. ஆறு பெஞ்சையும் பின்சந்தில் அடுக்கி, மேலே தார்ப்பாய் போட்டிருந்தார்கள். அக்கா அடுப்பு முன்னால் நின்றபடி, என்னைப் பார்க்காமல் பேசினார்.

"பெஞ்சு போச்சின்னா மே, ஜூன் ரெண்டு மாசமும் பூட்டுதான். இந்த அனல்ல உள்ள எவன் வந்து குந்துவான்? நீ குந்துவியா?"

குந்துவேன் என்று சொல்ல வாயெடுத்தேன். நெற்றி வேர்வை வாய்க்குள் போனது.

வாசல் ஓரத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், கடைக்கு என்னைவிட மூத்த வாடிக்கை. "இன்னா வாத்தியாரே," என்றார், "நல்லாத்தான் எழுதினே. எடம், அளவு, எத்தினி வருஷம், எல்லாம் பக்காவா. ஒரு மேப்பும் போட்டிருந்தா அவரு வழி கேக்காம வந்துருப்பாரு."

நாலு அடித்து ஐந்து நிமிடத்துக்கு ஸ்கூட்டர் வந்து நின்றது. நாற்பது வயது இருக்கும். இஸ்திரி கலையாத சட்டை, கையில் ஃபைல். மதில் ஓரத்தைப் பார்த்தார், கடையைப் பார்த்தார், பிறகு என்னை. நான் யார் என்று பெரியவர் சந்தோஷமாக அறிமுகம் செய்துவைத்தார்.

"நீங்கதானா சார் அது?" ஆபீசரின் முகம் மலர்ந்தது. "நான் உங்களை விடாமப் படிப்பேன். கொசு பத்தி எழுதியிருந்தீங்களே, பிரமாதம்."

என் சந்தோஷம் நாலு வினாடி நீடித்தது. அவர் ஃபைலைத் திறந்தார். என் கட்டுரை. ஐந்தாவது கடை முழுக்கச் சிவப்புக் கோடு.

"இங்க பாருங்க சார்," என்றார் தணிந்த குரலில். "இப்ப ரோட்டுல பெஞ்சு எதுவும் இல்ல. புகார்ல ஆதாரம்னு இருக்கறது உங்க கட்டுரை மட்டும்தான். இது கற்பனைன்னு நீங்க எழுதிக் கொடுத்தா நான் ஃபைலை மூடிடுவேன். உண்மைன்னா பெஞ்சுங்க போயாகணும். நான் எதுவும் சொல்லல. எழுதினவர் நீங்க, நீங்கதான் சொல்லணும்."

ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார். முப்பது வருடமாக எழுதுகிறேன். என் எழுத்து சுத்தப் பொய் என்று பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நானே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் சந்தர்ப்பம் அன்றுதான் வாய்த்தது. உள்ளே அக்கா குழம்பைக் கிண்டுகிற சத்தம் மட்டும் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது.

'மேற்படி கட்டுரை' என்று தொடங்கினேன். ஆபீசர் கோடு போட்ட இடங்களைப் படித்தார்.

"பதினாலு அடின்னு எழுதியிருக்கீங்க."

"ஒரு நம்பர் இருந்தா வாசகருக்குப் பிடிக்கும் சார். அதுக்காகப் போட்டது."

"பதினோரு கோடை?"

"கோடைங்கறது சார், ஒரு மனநிலை."

பெரியவருக்கு இருமல் வந்தது.

"'மதிலைத் தாண்டி வருகிற காற்று நெற்றி வேர்வையைத் துடைத்துவிட்டுப் போகும்'?"

"இங்க ஏது சார் காத்து?"

அந்த நேரம் பார்த்துக் கடல் பக்கமிருந்து ஒரு வீச்சு வீசியது. கட்டுரை பறக்கப் பார்த்தது. ஆபீசர் கட்டைவிரலால் அமுக்கிப் பிடித்தார். இரண்டு பேருமே அதைக் கவனிக்காத மாதிரி நின்றோம். அவர் என்னைத் தப்பிக்க வைக்கத்தான் பார்க்கிறார் என்று எனக்குப் புரிந்தது. இன்னும் இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் அக்காவின் இரண்டு மாதம் பிழைத்துவிடும்.

அவர் கடைசிப் பத்திக்கு வந்தார். அதில் கோடுகூட இல்லை. ஒரு வாசகராகத்தான் கேட்டார் என்று நினைக்கிறேன். "'பெரிய போட்டெல்லாம் மீன்பிடித் தடைக்காலத்துக்குக் கரையில் கட்டிக் கிடக்கும்போதும், சின்ன ஃபைபர் போட்டில் வந்த நெத்திலியை மாங்காய் போட்டு வைக்கிற இந்தக் குழம்புக்காக வெயிலைக்கூட மன்னிக்கலாம்.' இதுவுமா சார்?"

உண்மை என்று சொல்லியிருக்கலாம். குழம்புக்கும் ரோட்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் பொய் சொல்லிப் பழகாதவனுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாது. குழம்பு நிஜமென்றால் பெஞ்சு மட்டும் எப்படிப் பொய் என்று கேட்டுவிடுவாரோ என்று பயந்தேன்.

"அதுவும் அப்படித்தான் சார். குழம்பு சுமாராத்தான் இருக்கும்."

உள்ளே கரண்டிச் சத்தம் நின்றது.

அக்கா வெளியே வந்தார். கையில் கரண்டி. "இன்னா சொன்ன?"

"அக்கா, அது சும்மா..."

"பெஞ்சு இல்லன்னு சொன்ன, கம்னு இருந்தேன். காத்து இல்லன்னு சொன்ன, அதுக்கும் கம்னு இருந்தேன். நானே செத்துட்டேன்னு வேணாலும் எழுதிக் குடு. கொழம்பு சுமாரா? பதினோரு வருசமா வயிச்சி வயிச்சித் துன்னுட்டு, சுமாரா?"

"யம்மா, வாய மூடு, காரியமே கெட்டுடும்," என்றார் பெரியவர்.

"நீ சும்மா கெட நைனா." ஆபீசர் பக்கம் திரும்பினார். "சார், இந்தாளு எழுதினது எல்லாம் நெசம். இப்ப சொல்றதுதான் பீலா. பெஞ்சு ஆறு. பின்னால சந்துல தார்ப்பாய் போட்டு வச்சிகீது. வா, காட்றேன்."

ஒரு லாரி ஹாரன் அடித்துவிட்டு ஓய்ந்தது. ஆபீசர் பேனாவை மூடினார், மறுபடி திறந்தார்.

"அம்மா, நான் எதுவும் காதுல வாங்கல. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

அதைவிடத் தெளிவாக ஓர் அரசு ஊழியரால் சொல்ல முடியாது. நான் அக்காவைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். பெரியவர் கும்பிட்டார். அக்கா என் கையிலிருந்த தாளைப் பிடுங்கி, உள்ளே போய், அடுப்பில் போட்டுவிட்டு வந்தார்.

"யோசிச்சிதான் சொல்றேன்."

ஆபீசர் சந்துக்குப் போய் எண்ணிப் பார்த்தார். பத்து நிமிடம் நின்றபடியே எழுதினார். ரோட்டில் இனி ஒரு பெஞ்சு இருந்தாலும் கடைக்கு சீல் என்று படித்துக் காட்டினார். அக்கா கையெழுத்துப் போட்டார். போகும்போது ஆபீசர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிடித்த எழுத்தாளரை நேரில் சந்தித்திருக்கக் கூடாது என்கிற பார்வை.

அதற்கப்புறம் நான் தினமும் போனேன். அக்கா பெரிய சட்டியை எடுத்துக் கவிழ்த்து வைத்துவிட்டு, அதில் பாதி அளவுச் சட்டியில் குழம்பு வைத்தார். அதுவும் தீரவில்லை. டிரைவர்கள் வாசல்வரை வந்து, உள்ளே எட்டிப் பார்த்து, அனல் முகத்தில் அடித்ததும் திரும்பிப் போனார்கள். உள்ளே நானும் பெரியவரும்தான். அக்கா என்னோடு பேசவில்லை. தட்டைக் கொண்டுவந்து வைப்பார். தட்டில் சோறு, ரசம், ஓர் அப்பளம். நானும் கேட்கவில்லை.

"சுமாரான கடையில ரசம்தான் சேஃப்டி," என்றார் பெரியவர், தன் குழம்பைப் பிசைந்தபடி.

சனிக்கிழமை அக்கா அவரிடம் சொல்வது கேட்டது. "நாளைக்கு ஒரு நாள் பாக்கறேன் நைனா. அப்பால ஜூன் முடியற வரைக்கும் பூட்டிட்டு, தங்கச்சி வூட்டாண்ட போயிடுவேன்." கட்டுரை எழுதாத காலத்தில் நான் எவ்வளவு நல்லவனாக இருந்திருக்கிறேன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு சாயங்காலம் லாரி வரிசையில் ஒரு காலி டிரெய்லர் சரியாகக் கடை வாசலுக்கு முன்னால் வந்து நின்றது. மேலே கன்டெய்னர் இல்லை, நீளமான வெறும் தளம். டிரைவர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். வாசலில் நின்று உள்ளே பார்த்தார், வண்டியைப் பார்த்தார்.

"எக்கா, உள்ள கெடந்து வேகுததுக்கு, தட்டைக் கையில குடுங்க. நாங்க மேல ஏறி இருந்து தின்னுக்கிடுதோம்."

ஒரு சாக்கை விரித்து ஏறி உட்கார்ந்தார். தளம் நெஞ்சு உயரம். மதிலைத் தாண்டிய காற்று நேராக அங்கேதான் வந்தது. பின்னால் நின்ற வண்டியிலிருந்து இரண்டு பேர் ஏறினார்கள், அப்புறம் ஐஸ் கம்பெனி ஆட்கள் நாலு பேர். வரிசை நகர்ந்தால் தட்டோடு குதித்து இறங்குவார்கள். அடுத்த காலி டிரெய்லர் வந்தால் ஏறுவார்கள். ஒரு காதைச் சோற்றிலும் ஒரு காதை ஹாரனிலும் வைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள். குழம்பு ஆறு மணிக்கே தீர்ந்தது. தங்கச்சி வீட்டுப் பேச்சை அக்கா எடுக்கவில்லை. திங்கட்கிழமை பெரிய சட்டி அடுப்பில் ஏறியிருந்தது.

அன்றைக்குத்தான் ஆபீசர் மறுபடி வந்தார்.

ஸ்கூட்டர் நின்றதும் டிரெய்லரில் இருந்த ஒன்பது பேரும் மெல்லுவதை நிறுத்தினார்கள். அவர் மதில் ஓரம் போய்ப் பார்த்தார். பெஞ்சு இல்லை. சந்துக்குள் போனார். தார்ப்பாயைத் தூக்கி ஆறையும் எண்ணினார். திரும்பி வந்து, தலையை அண்ணாந்து டிரெய்லரைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அக்கா வாசல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணை இமைக்கவில்லை.

"இது?" என்றார் ஆபீசர்.

"லாரி சார்," என்றார் பெரியவர். "லாரி ரோட்டுலதான் நிக்கும்."

ஆபீசர் ஃபைலைத் திறந்து ஒரு வரி எழுதினார். மூடினார். என் அருகில் வந்து, யாருக்கும் கேட்காமல், "தயவுசெஞ்சு இதை எழுதிடாதீங்க சார்," என்றார். அந்த வருடம் எழுதவில்லை.

அவர் ஸ்கூட்டரை நோக்கி நடந்தார். எனக்குப் பின்னால் ஒரு தட்டு டிரெய்லரின் மேல் டங்கென்று வைக்கப்பட்டது. சோறு, அதன்மேல் குழம்பு, ஒரு துண்டு மாங்காய்.

"ஏறு," என்றார் அக்கா. "துன்னு. அந்தாளு போறதுக்குள்ள, அவரு காது கேக்கச் சொல்லு."

ஐம்பது வயதுக்கு மேல் டிரெய்லரில் ஏறுவது எப்படி என்று எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. இரண்டு பேர் கையைப் பிடித்து இழுத்தார்கள். ஒரு கவளம் வாயில் போட்டேன். நாக்கு வெந்தது. ஆபீசர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டிருந்தார். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முன்னால் ஹாரன் அடித்தது. "நவுருது, நவுருது," என்று எல்லாரும் தட்டைத் தூக்கினார்கள்.

"சார்!" என்று கத்தினேன். "குழம்பு பிரமாதம் சார்! சுமார்னு சொன்னது பொய்!"

டிரெய்லர் ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு நகர்ந்தது. ஸ்கூட்டரும் கிளம்பியது. ஆபீசர் திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் ஒரு கையைத் தூக்கினார். கேட்டது என்பதற்கா, வலது பக்கம் திரும்பப் போகிறேன் என்பதற்கா, எனக்குத் தெரியவில்லை. அக்கா அதைக் கேட்டது என்றே எடுத்துக்கொண்டு, அடுத்த தட்டைப் போட உள்ளே போனார்.